அம்மாவின் மாத்திரைச் செலவு: மலிவு மருந்துக்கு மாறலாமா?

பொருநைக்கரை:
வணக்கம். அம்மாவுக்கு 67 வயது, பாளையங்கோட்டையில் தனியாக இருக்கிறார். நான் கோவையில். மாதாமாதம் மெடிக்கலுக்குப் பணம் அனுப்புவது நான்தான். பில் இப்போது 1,800 ரூபாயைத் தொட்டுவிட்டது. பிபி மாத்திரை, சுகர் மாத்திரை, கொழுப்புக்கு ஒன்று, தைராய்டு, கேஸ் மாத்திரை, கால்சியம், முழங்கால் வலிக்கு ஒன்று. இவ்வளவுதான் சீட்டில் இருப்பது.

தெருமுனையில் மலிவு விலையில் மருந்து விற்கும் முதல்வர் மருந்தகம் வந்திருக்கிறது. கொஞ்சம் தள்ளி மக்கள் மருந்தகமும் (ஜன் அவுஷதி) உண்டு. அங்கே மாற்றலாம் என்றால் அண்ணன் சண்டைக்கு வருகிறார். "பத்து ரூபாய் மாத்திரையை ஒன்றரை ரூபாய்க்குக் கொடுக்கிறான் என்றால் உள்ளே சுண்ணாம்புதான் இருக்கும்" என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மருந்துச்சீட்டு:
தம்பி, மதுரைப் பக்கம் மெடிக்கல் நடத்துகிறேன், பார்மசிஸ்ட். நீங்கள் எழுதியதில் ஒரு மருந்தின் பெயர்கூட இல்லை, கவனித்தீர்களா? பிபி மாத்திரை என்று சொல்லிக்கொண்டு வந்தால் என் கடையிலேயே இருபது வகை இருக்கிறது. விலை விஷயத்தை அப்புறம் பேசுவோம். முதலில் அட்டையைத் திருப்பி, பிராண்டு பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் மூலப்பெயரையும் (உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்) மில்லிகிராமையும் எழுதி இங்கே போடுங்கள். கூட்டு மருந்தாக இருந்தால் இரண்டு மூன்று வரி இருக்கும், எல்லாவற்றையும் எழுதுங்கள். சீட்டில் இல்லாமல் வீட்டில் இருப்பதையும் சேர்த்து.

பொருநைக்கரை:
பக்கத்து வீட்டுப் பையன் போட்டோ எடுத்து அனுப்பினான்.

டெல்மிசார்ட்டான் 40 + ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 (காலை)
கிளிமிபிரைடு 1 + மெட்ஃபார்மின் 500 எஸ்.ஆர். (காலை, இரவு)
அடோர்வாஸ்டாட்டின் 10 (இரவு)
தைராக்சின் 50 மைக்ரோகிராம் (காலை)
பான்டாப்ரசோல் 40 (காலை)
கால்சியம் 500 + வைட்டமின் டி3 (காலை)
அசிக்ளோஃபெனாக் 100 + பாராசிட்டமால் 325 (காலை, இரவு)

சீட்டில் இல்லாதது: காய்ச்சலுக்கு டோலோ 650, சளிக்கு ஒரு மாத்திரை (அதில் பாராசிட்டமால் 500 + இன்னும் இரண்டு பெயர்). உடம்பு ரொம்ப அடித்துப் போட்டது மாதிரி இருந்தால் கடையில் "ஒரு செட்" வாங்கிப் போட்டுக்கொள்வாராம். செட்டில் என்ன இருக்கும் என்று அவருக்கும் தெரியாது.

மருந்துச்சீட்டு:
இதைத்தான் எதிர்பார்த்தேன். பாராசிட்டமாலை மட்டும் எண்ணிப் பாருங்கள். முழங்கால் மாத்திரை இரண்டு வேளை, 650. காய்ச்சல் நாளில் டோலோ நான்கு வேளை, 2,600. சளி மாத்திரை மூன்று வேளை, 1,500. கூட்டினால் 4,750 மில்லிகிராம். நல்ல உடம்புள்ள பெரியவருக்கே ஒரு நாள் உச்ச வரம்பு 4,000. வயதானவர், எடை குறைந்தவர், கல்லீரல் கோளாறு உள்ளவர் என்றால் அதைவிடக் குறைவாகத்தான் டாக்டர்கள் நிறுத்துவார்கள். மூன்று அட்டையிலும் மூன்று பிராண்டு பெயர், மூன்று நிறம். ஒரே சரக்கு உள்ளே போகிறது என்று யாருக்குத் தோன்றும்?

அந்தச் செட் விஷயம். பல ஊர்களில் நடப்பதுதான், நான் ஒளிக்கவில்லை. சின்ன பேப்பர் கவரில் நான்கைந்து மாத்திரை, பெயர் கிடையாது, தேதி கிடையாது. வழக்கமாக ஒரு வலி மாத்திரை, ஒரு பாராசிட்டமால், தூக்கம் வரவைக்கும் ஒரு சளி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை. பல இடங்களில் ஒரு ஸ்டீராய்டும் போகும். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், இந்த வகை. மறுநாள் காலையில் ஆள் எழுந்து ஓடுவது பெரும்பாலும் அதனால்தான். சுகர் உள்ளவருக்கு அதே ஸ்டீராய்டு சர்க்கரையை எங்கோ கொண்டுபோய் நிறுத்தும். அடுத்த முறை டாக்டரிடம் போனால் அவர் சுகர் மருந்தைக் கூட்டுவார், காரணம் தெரியாமல். எந்தக் கடையானாலும் சரி, பெயர் இல்லாத கவரை வாங்கக் கூடாது என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

இப்போது விலை. "ஜெனரிக் கொடுங்க", அதாவது பெரிய பிராண்டு இல்லாத அதே மருந்தைக் கொடுங்கள் என்று சாதாரண மெடிக்கலில் கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் அந்த அட்டையிலும் எம்.ஆர்.பி. பிராண்டுக்குச் சமமாக அச்சாகியிருக்கும். கடைக்காரர் அதை எடுத்திருப்பது அதில் நான்கில் ஒரு பங்குக்கோ ஐந்தில் ஒரு பங்குக்கோ. பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்துவிட்டு மீதியை அவர் வைத்துக்கொள்ளலாம், சட்டத்தில் தடையில்லை. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு மத்திய அரசின் விலை ஆணையம் உச்ச விலை வைக்கிறது. அந்தக் கணக்கில் சில்லறைக் கடைக்கு லாபம் 16 சதவீதம்தான். மலிவு ஜெனரிக்கில் கிடைப்பது அதைப்போல் பல மடங்கு. அதாவது மருந்து மலிவாக இருக்கிறது, உங்களுக்கு மலிவாக வருவதில்லை.

மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் வித்தியாசம் அங்கேதான். எம்.ஆர்.பி.யே குறைவாக அச்சிட்டு வரும், பேரம் தேவையில்லை. மக்கள் மருந்தகம் 2008-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம். தமிழ்நாடு அரசின் முதல்வர் மருந்தகம் 2025 பிப்ரவரியில் ஒரே நாளில் ஆயிரம் கடையாகத் திறந்தது.

சந்தேகப்பிராணி:
பார்மசிஸ்ட் அண்ணே, நல்ல விளக்கம். ஆனால் பொருநைக்கரையின் அண்ணன் கேட்டதற்குப் பதில் வரவில்லையே. தரம்? 2025 அக்டோபரில் என்ன நடந்தது? மத்தியப் பிரதேசம் சிந்த்வாடாவில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து செத்தார்கள். இருபதுக்கும் மேல். சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். சோதித்துப் பார்த்தால் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம். மாதாமாதம் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் தரமற்ற மருந்துப் பட்டியல் போடுகிறது, படித்துப் பாருங்கள். இந்த நாட்டில் மலிவு மருந்தை நம்பச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

ஆரம்பசுகாதாரம்:
நான் அரசு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர். சந்தேகப்பிராணி சொன்ன சம்பவம் உண்மை, கோபமும் நியாயம். ஆனால் அது மலிவு மருந்தகத்தில் விற்ற பொருள் இல்லை. 'கோல்ட்ரிஃப்' என்று பிராண்டு பெயரோடு வந்த சிரப், டாக்டர் எழுதிக்கொடுத்து மெடிக்கலில் வாங்கியது. சிரப்பில் சேர்க்கும் கரைப்பானைச் சோதிக்காமல் விட்டதால் வந்த வினை. பிராண்டு போட்டிருந்தது எந்தக் குழந்தையையும் காப்பாற்றவில்லை. மாதப் பட்டியலில் பெரிய கம்பெனிப் பெயர்களும் வருகின்றன. அவற்றில் சில தங்கள் பொருளே இல்லை, போலி என்று கம்பெனிகள் சொன்னதும் உண்டு. ஆக, தரக் கட்டுப்பாட்டில் ஓட்டை இருக்கிறது, ஆனால் அது விலையைப் பார்த்து விழுந்த ஓட்டை இல்லை.

(இடையில் ஒன்று: சின்னக் குழந்தைகளுக்குச் சளி, இருமல் சிரப் பெரும்பாலும் தேவையே இல்லை. குளோர்பெனிரமின், ஃபெனைல்எஃப்ரின் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் போடச் சொல்லி 2023-இலேயே உத்தரவு வந்தாயிற்று.)

எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பிபி, சுகர், கொழுப்பு, கேஸ் மாத்திரைகளைத் தயங்காமல் மாற்றலாம். பிபி கருவியும் சுகர் டெஸ்டும் இருக்கின்றனவே, மாற்றிய மாதத்தில் கொஞ்சம் நெருக்கமாகப் பார்த்துக்கொண்டால் வேலை செய்கிறதா என்று எண்ணே சொல்லிவிடும். தைராக்சின் அப்படி இல்லை. மிகக் குறைந்த அளவில் வேலை செய்யும் மருந்து, பிராண்டுக்குப் பிராண்டு சின்ன வித்தியாசமும் காட்டும். ஒரே பிராண்டில் இருப்பது நல்லது. மாற்றினால் ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச். (தைராய்டுக்கான ரத்தச் சோதனை) பார்க்க வேண்டும். எப்படியும் அது விலை குறைந்த மாத்திரை, அதில் மிச்சம் பிடித்துப் பெரிதாக ஒன்றும் வராது. வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபாரின் இரண்டும் இதே ரகம். டாக்டரைக் கேட்காமல் மாற்றவே கூடாது.

பொருநைக்கரை, உங்கள் பட்டியலில் எனக்கு விலையைவிடப் பெரிய கவலை வேறு. பிபி மாத்திரையின் பிராண்டு பெயருக்குப் பின்னால் 'எச்' என்று ஒரு எழுத்து இருக்குமே? அதுதான் ஹைட்ரோகுளோரோதயசைடு, சிறுநீரை அதிகமாகப் போகவைக்கும் மருந்து. டெல்மிசார்ட்டான், அதோடு இது, அதோடு தினமும் இரண்டு வேளை அசிக்ளோஃபெனாக் (அந்த முழங்கால் மாத்திரையில் இருக்கும் வலி மருந்து). மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறையும். வாந்தி, பேதி, கடும் வெயில் என்று உடம்பில் தண்ணீர் வற்றும் நாளில் படாரென்று விழும். திருநெல்வேலி மே மாதத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வலி மாத்திரை எவ்வளவு நாளைக்கு எழுதியது என்று சீட்டில் பாருங்கள். கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தச் சோதனை) கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

அப்புறம், காலை மருந்து எல்லாம் ஒரே கையில் போகிறதா?

பொருநைக்கரை:
டாக்டர், நன்றி. சீட்டில் வலி மாத்திரைக்கு நேராக "5 நாள்" என்று இருக்கிறது. அது போன தீபாவளிச் சீட்டு. கடையில் பழைய அட்டையைக் காட்டினால் கொடுத்துவிடுகிறார்கள். காலை மருந்துகளைக் காபி குடித்துவிட்டு மொத்தமாகப் போட்டுக்கொள்வதாகச் சொல்கிறார். கிரியேட்டினின் டெஸ்ட் எடுத்த பேப்பர் எதுவும் வீட்டில் இல்லை.

ஆரம்பசுகாதாரம்:
அப்படியென்றால் வலி மாத்திரையை இனி தொடராமல் நிறுத்திவிட்டு இந்த வாரமே டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிபி, சுகர் மாத்திரைகளைத் தானாக நிறுத்த வேண்டாம். வலிக்கு வேறு வழி அவர் சொல்வார், தைலம் தடவுவது முதல் பயிற்சி வரை நிறைய இருக்கிறது.

தைராக்சின் எழுந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. பான்டாப்ரசோல் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். கால்சியத்தை மதியச் சாப்பாட்டோடு தள்ளுங்கள், தைராக்சினுக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். சேர்த்துப் போட்டால் கால்சியம் தைராக்சினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேராது. பிறகு டி.எஸ்.எச். ஏறிவிட்டது என்று 50-ஐ 75 ஆக்குவார்கள். எஸ்.ஆர். என்று போட்ட மாத்திரையை விழுங்கக் கஷ்டம் என்று பொடிக்கவோ மெல்லவோ கூடாது. அது நாள் முழுக்க மெல்ல மெல்லக் கரைய வேண்டியது.

இன்னொன்று. பிபிக்கும் சுகருக்கும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்று யார் சொன்னது? ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதம் ஒருமுறை இலவசம். 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். மெட்ஃபார்மின், அம்லோடிபின் போன்றவை வழக்கமாக இருக்கும். இவற்றை வாங்கிக் கொடுப்பது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், 1990-களின் நடுவிலிருந்து மொத்தக் கொள்முதல் செய்து, ஒவ்வொரு தொகுதியையும் (பேட்ச்) லேபில் சோதித்த பிறகே ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறது. பிற மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றிய முறை அது. உள்ளூர் மெடிக்கலில் அந்தச் சோதனையை யார் செய்கிறார்கள்?

வடமராட்சி:
யாழ்ப்பாணத்திலிருந்து. எங்களிடம் கதை கொஞ்சம் வேறு. சேனக பிபிலே என்ற பேராசிரியர் முன்னின்று 1971-இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவானது. அதன் கடைதான் ஒசுசல. வைத்தியர் மூலப்பெயரை எழுத வேண்டும் என்று 2015 சட்டமே சொல்கிறது. இருந்தாலும் சனம் பரசிட்டமோல் என்று கேட்பதில்லை, பனடோல்தான்.

ஆஸ்பத்திரி கிளினிக்கில் குளிசைகளை உதிரியாக எண்ணிக் கடதாசி உறையில் போட்டுத் தருவார்கள். வீட்டுக்கு வந்தபின் இரண்டு வெள்ளைக் குளிசையில் எது எது என்று அம்மா குழம்புவார். இப்போது ஒவ்வொரு உறையிலும் பெயரை எழுதித் தரச் சொல்லி அங்கேயே நிற்போம், முறைத்தாலும் எழுதித் தருவார்கள். கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டு போவது வழக்கம். தனியார் வைத்தியரிடம் போனாலும் அதைத்தான் முதலில் நீட்டுவோம்.

மருந்துச்சீட்டு:
வடமராட்சி சொன்னது இங்கேயும் பொருந்தும். நான்கு மாத்திரை வெட்டிக் கேட்டால் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் முனை எங்களிடமே தங்கிவிடும். தினசரி மாத்திரையை முழு அட்டையாக வாங்குங்கள், பில்லோடு. பில்லில் தொகுதி எண் இருக்கும். நாளைக்கு ஏதாவது தொகுதியைத் திரும்பப் பெறுகிறோம் என்று அறிவிப்பு வந்தால் அந்த எண் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. அதிகம் விற்கும் 300 பிராண்டுகளின் அட்டையில் 2023 ஆகஸ்ட் முதல் க்யூ.ஆர். குறியும் கட்டாயம்.

கொங்குக்குசும்பு:
எல்லாம் சரிங்க. டாக்டர் மூலப்பெயரை எழுதினாத்தானே? எங்க ஊர்ல அவங்க ஆஸ்பத்திரி மெடிக்கல்ல மட்டும் கிடைக்கிற பிராண்டு, வெளியில தேடினா ஆப்படாது. கமிஷன் இல்லாம இதெல்லாம் நடக்குதா?

ஆரம்பசுகாதாரம்:
நடப்பதில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2023 ஆகஸ்ட்டில் தேசிய மருத்துவ ஆணையம் எல்லா மருத்துவர்களும் மூலப்பெயரில்தான் எழுத வேண்டும் என்று விதி போட்டது, அதே மாதத்தில் நிறுத்தியும் வைத்தது. எதிர்த்தவர்களின் வாதம் முழுக்கப் பொய்யும் இல்லை: நான் மூலப்பெயரை எழுதினால் எந்தக் கம்பெனி அட்டை என்று முடிவு செய்வது கடைக்காரர். அவருக்கு எதில் லாபமோ அது போகும். சட்டம் இன்னொரு பக்கம் கட்டிப்போடுகிறது. டாக்டர் பிராண்டு எழுதியிருந்தால் அவர் சம்மதம் இல்லாமல் அதே மருந்தின் வேறு பிராண்டைக் கொடுக்கப் பார்மசிஸ்ட்டுக்கு அனுமதி கிடையாது. ஆகவே நோயாளிதான் வாயைத் திறந்து கேட்க வேண்டும். "டாக்டர், முதல்வர் மருந்தகத்தில் வாங்கப் போகிறேன், மருந்துப் பெயரை எழுதிக் கொடுங்கள்." கேட்டால் பெரும்பாலானவர்கள் எழுதிக் கொடுப்பார்கள்.

சந்தேகப்பிராணி:
தரம் பற்றிய என் சந்தேகம் முழுக்கத் தீரவில்லை. அரசுக் கடை என்பதால் மட்டும் நம்ப மாட்டேன், அங்கே வந்த சரக்கிலும் தரக்குறைவு பிடிபட்டதுண்டு. ஆனால் பிராண்டு வாங்கினால் தப்பித்தோம் என்ற நினைப்பும் போச்சு. ஒரு கேள்வி: ஆன்டிபயாட்டிக்கையும் மலிவுக் கடையில் வாங்கலாமா?

மருந்துச்சீட்டு:
சீட்டு இருந்தால் தாராளமாக. சீட்டு இல்லாமல் எந்தக் கடையிலும் வாங்கக் கூடாது. செஃபிக்ஸிம் மாதிரி பல ஆன்டிபயாட்டிக் 'எச்1' என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. யார் எழுதியது, யாருக்குக் கொடுத்தோம் என்று நாங்கள் தனி ரிஜிஸ்தரில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். "போன தடவை தொண்டை வலிக்கு இதுதான் கேட்டது" என்று வெற்று அட்டையோடு வருகிறவர்களிடம் தினமும் சண்டை. நான் கொடுக்கவில்லை என்றால் எதிர்க்கடையில் கொடுக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைக்கு வரும் பலர் ஜி.எஸ்.டி. பற்றியும் கேட்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் மருந்துக்கு 12 சதவீதம் இருந்தது 5 ஆனது, சில உயிர்காக்கும் மருந்துகளுக்கு முழு விலக்கு. பில்லில் சரிபாருங்கள். ஆன்லைன் தள்ளுபடிக்குள் நான் போகவில்லை, கடைக்காரன் சொன்னால் பொறாமை என்பீர்கள்.

பொருநைக்கரை:
போன வாரம் ஊருக்குப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். கிரியேட்டினின் கொஞ்சம் கூடுதல், பயப்படும்படி இல்லை என்றார். வலி மாத்திரை போச்சு, பிபி மாத்திரையில் அந்த 'எச்' போச்சு, வெறும் டெல்மிசார்ட்டான். வலி மாத்திரையை நிறுத்தியதால் கேஸ் மாத்திரையும் வேண்டாம் என்றுவிட்டார், அதன் துணைக்காகத்தான் கொடுத்ததாம். முழங்காலுக்குப் பயிற்சி, வலி அதிகமான நாளில் மட்டும் பாராசிட்டமால் 500. எல்லாவற்றையும் மூலப்பெயரில் எழுதிக் கொடுத்தார், கேட்டதும் ஒன்றும் சொல்லவில்லை.

முதல்வர் மருந்தகத்தில் டெல்மிசார்ட்டான், அடோர்வாஸ்டாட்டின் இருந்தன. பத்து மாத்திரை அட்டை எதுவும் பெரிய விலை இல்லை. கால்சியம் அன்று இருப்பில் இல்லை. சுகருக்குக் கூட்டு மாத்திரை கிடைக்கவில்லை. டாக்டரிடம் போனில் கேட்டு கிளிமிபிரைடு தனியாக, மெட்ஃபார்மின் எஸ்.ஆர். தனியாக வாங்கினோம். தைராக்சின் பழைய பிராண்டே. மொத்தம் 600 ரூபாய்க்குள் முடிந்தது. சொல்லப்போனால் பாதிக் குறைவு மலிவுக் கடையால் வரவில்லை, தேவையில்லாத மாத்திரை போனதால் வந்தது. அண்ணன் இன்னும் சுண்ணாம்புக் கதையை விடவில்லை.

ஆரம்பசுகாதாரம்:
நல்லது. ஒரு விஷயத்தில் மட்டும் உஷார். பழைய கூட்டு சுகர் மாத்திரை வீட்டில் மீதி இருக்கிறதா? புது அட்டைகள் வேறு நிறம், வேறு பெயர். "இது புதுசாக் கொடுத்தது, அது எப்பவும் போடுறது" என்று இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள். இப்படிக் கிளிமிபிரைடு இரட்டிப்பாகிச் சர்க்கரை இறங்கி, விடியற்காலையில் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறி எங்களிடம் வந்தவர்கள் உண்டு. பழைய 'எச்' மாத்திரைக்கும் இதே கதைதான். அப்படி நடுக்கம் வந்தால் உடனே சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுக்கப் பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

பொருநைக்கரை:
மீதி இருக்கிறது டாக்டர், இரண்டு முழு அட்டையும் ஒரு வெட்டிய அட்டையும். வலி மாத்திரையும் ஒரு டப்பா நிறைய. இன்று மாலையே அந்தப் பையனை அனுப்பி எடுத்துவிடச் சொல்கிறேன். கடையில் திருப்பிக் கொடுத்தால் வாங்குவார்களா?

மருந்துச்சீட்டு:
பில் இருந்து, தேதி கொஞ்ச மாதமாவது மீதி இருந்தால் முழு அட்டையைத் தெரிந்த கடையில் எடுத்துக்கொள்வார்கள். வெட்டிய அட்டையை வாங்க மாட்டார்கள், வாங்கவும் கூடாது. பிரிட்ஜில் வைக்கும் மருந்து எதையும் திரும்ப எடுப்பதில்லை. மீதியை அப்படியே குப்பையில் போட வேண்டாம், பொறுக்கி விற்கிறவர்கள் இருக்கிறார்கள், தெருநாயும் தின்னும். மாத்திரைகளை உரித்துப் பழைய காபித்தூளிலோ மண்ணிலோ கலந்து கவரில் கட்டிப் போடச் சொல்லுங்கள், வெறும் அட்டையைக் கத்தரித்துப் போடட்டும். வலி மாத்திரை டப்பாவை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். கால் வலித்தால் கை அங்கேதான் போகும்.